பெனேடோவில் ஒரு போர்ச்சுகல்

"ஏங்க, பின்னாடி ஆறு தெரியுது! படகுகூடத் தெரியுது. கொஞ்சம் மாதா கோயில் பக்கமாத் திரும்புங்க," என்றாள் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த நெய்டே.

எரிவால்டோ திரும்பினான். மேலே கம்பளிச் சட்டை, உள்ளே வேர்வை. பெனேடோவில் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.

முந்தாநாள் போர்ச்சுகல் சுற்றுலாவுக்குக் கிளம்பி, தங்கள் ஊரான மசேயோவின் விமான நிலையத்தில் நின்றபோதுதான் அவனுடைய பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் அதற்கு முதல் நாள்தான் குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் கூடி வழியனுப்பு விருந்து வைத்திருந்தார்கள். போர்ச்சுகல் வரைபடம் போட்ட கேக்கை அவனே வெட்டி, லிஸ்பனை வாய் நிறையத் தின்றிருந்தான். எந்த முகத்தோடு திரும்புவது? இருவரும் பஸ் பிடித்து இந்த ஆற்றங்கரை ஊருக்கு வந்து ஒளிந்துகொண்டார்கள். போர்ச்சுகீசியர் கட்டிய பழைய கோயில்கள் இங்கே இருந்தது வசதியாகப் போயிற்று.

படம் குடியிருப்புக் குழுவுக்குப் போய் ஐந்து நிமிடம் ஆகவில்லை. நான்காம் மாடி சுல்மீரா அக்கா எழுதினாள்: "போர்ச்சுகல்ல இருக்கிற பாத்திமா மாதா கோயிலாடி? என் முழங்காலுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தேன்."

"இல்லன்னு சொல்லிடவா?"

"சொன்னா எந்தக் கோயில்னு கேப்பாங்க. ஏத்திடு."

ஏற்றினாள். படமும் அனுப்பினாள். மதியம் பதில் வந்தது. "வலி போயே போச்சு! கைத்தடியைத் தூக்கிப் போட்டுட்டேன்!"

அதன்பிறகு வீட்டுக்கு வீடு வேண்டுதல் வந்து குவிந்தது. மகனின் பரீட்சை, பித்தப்பைக் கல், அமையாத மாப்பிள்ளை. சாயங்காலத்துக்குள் கோயில் வாசல் கடையில் மெழுகுவத்தியே தீர்ந்துபோனது.

"இனி மாத்திரையும் வேண்டாம்னு நிறுத்திட்டேன்," என்று சுல்மீரா அக்கா எழுதியதைப் படித்ததும் நெய்டே மீன் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"தடியில்லாம அந்தம்மா படியில உருண்டா யாருங்க பொறுப்பு? மாதா முகத்தைப் பாக்கவே எனக்குக் கூசுது."

அவனுக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும், "நாளைக்குச் சொல்லலாமே," என்றான்.

"உங்க நாளைக்குதான் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோச்சு!"

நெய்டே போனை எடுத்தாள். "அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. நாங்க போர்ச்சுகலே போகல. பெனேடோவுல இருக்கோம். தயவுசெஞ்சு மாத்திரையப் போட்டுக்குங்க," என்று விம்மினாள்.

எரிவால்டோ தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"மாத்திரையெல்லாம் வேளைக்குப் போட்டுக்கிட்டுதான் இருக்கேன், அழாதடி," என்றாள் சுல்மீரா அக்கா. "நான் கல்யாணம் பண்ணி மோதிரம் மாத்தின பெனேடோ கோயில் எனக்கே தெரியாதா? நீங்க எப்ப வாயத் தெறக்குறீங்கன்னு பாக்கத்தான் காலையிலேருந்து அத்தனை வீடும் மெழுகுவத்தி கேட்டுக்கிட்டிருக்கோம்!"