பெண் பார்க்கும் நாளில் பிடித்த இடுப்பு

கோபக்காரனுக்கு நரம்பு வலி வந்தால் முதலில் அவதிப்படுவது அவன் வீட்டில் இருப்பவர்கள்தான். எனக்கு அது தொண்ணூறுகளில் வந்தது. இடுப்பில் கிளம்பி இடது குதிகால் வரை ஷாக் அடிக்கிற மாதிரி இழுக்கும். சிங்காநல்லூரில் இருந்த என் லேத் பட்டறையில் நிற்க முடியாது. உட்கார்ந்தால் எழ முடியாது. வாய் மட்டும் நன்றாக வேலை செய்தது. (பட்டறையில் ஆள் தங்காததற்குக் காரணம் சம்பளம் இல்லை, நான்தான்.)

மாத்திரை, ஊசி, மூலிகைப் பத்து எதுவும் கேட்காமல் போகவே, தங்கை மல்லிகா என்னை உக்கடத்தில் பிசியோதெரபி பார்க்கும் சாதிக் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் என்னைக் குப்புறப் போட்டுப் பிட்டத்தில் கட்டைவிரலை ஊன்றினார். நான் போட்ட கத்தலில் வெளியே காத்திருந்த ஒருவர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டார்.

"யோவ், அது கையா கடப்பாரையா?"

"நல்லாத் திட்டுங்க. திட்டறப்பத்தான் உங்களுக்கு மூச்சு வெளிய வருது, தசையும் விடுது" என்றார், இன்னும் அழுத்திக்கொண்டே.

அந்த ஆளிடம் என் கோபம் பலிக்கவில்லை. ஆனால் சில வாரங்களில், குதிகால் வரை போன இழுப்பு தொடையோடு நின்றது. முழுசாகப் போகாது, அடக்கி வைக்கலாம் என்று பட்டென்று சொன்னார். இடுப்பில் எங்கே, எப்படி அழுத்துவது என்று மல்லிகாவுக்கும் கற்றுக்கொடுத்தார். எனக்கு ஒரே கட்டளை: "சம்மணம் போட்டு உக்காராதீங்க. வலி இழுத்தா எங்க இருந்தாலும் குப்புறப் படுத்து, கைய ஊனி நெஞ்சத் தூக்குங்க. கௌரவம் பாத்துட்டு நிக்காதீங்க."

அந்தச் சமயத்தில்தான் மல்லிகாவைப் பெண் பார்க்க அன்னூரிலிருந்து வந்தார்கள். அப்பா இல்லாத வீட்டில் நான்தான் பெரிய ஆள். ஏற்கெனவே ஒரு சம்பந்தம் என் வாயால் போயிருந்தது. போட்டோவிலேயே இந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. "அண்ணா, இன்னைக்கு ஒரு நாள் வாயத் தொறக்காதீங்க" என்று கெஞ்சியிருந்தாள்.

திறக்கவில்லை. ஆனால் வந்தவர்கள் நாற்காலியில் இருக்க, பெண் வீட்டுக்காரன் சமமாக உட்காருவதா என்று ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டேன். மாப்பிள்ளையின் அப்பா தோட்டம், மாடு, போர்த் தண்ணி என்று பேசிக்கொண்டே போனார். நான் மண்டையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். மல்லிகா காபித் தட்டோடு வரவும், இடுப்பில் வெட்டி இழுத்தது. டாக்டர் சொன்னபடியே குப்புற விழுந்தேன். தலை போய் நின்றது மாப்பிள்ளையின் அப்பா காலடியில்.

அவர் பதறி எழுந்தார். "அட, என்னங் மாப்ளே இது! பொண்ணுக் குடுக்கறதுக்கா கால்ல உழுகறது? எந்திரிங்க, எந்திரிங்க!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்து மேலே இழுத்தார். உயிர் போய் வந்தது.

"உட்றா கைய, கூறுகெட்ட கெழவா!"

அவர் கையை விட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். "கெளம்பலாம்" என்று வாசலைப் பார்த்து நடந்தார்.

மல்லிகா தட்டைக் கீழே வைத்தாள். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்டிபோட்டு, உள்ளங்கையை என் இடுப்பில் ஊன்றினாள்.

"மாமா, கொஞ்சம் பொறுங்க. அண்ணனுக்கு நரம்பு வலிங்க. இப்ப உட்டா நாளைக்கு எந்திரிக்க மாட்டாங்க. திட்டறதுன்னா அப்பறமா நானும் சேந்து திட்டறேனுங்க." பிறகு என் பக்கம் குனிந்து, "மூச்ச உடுங்கண்ணா! கண்டபடி பேச மட்டும் மூச்சு வருதல்ல?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "நானும் புடிக்கோணுமுங்களா?" என்றார்.

"கால அசையாமப் புடிச்சுக்கங்க" என்றாள். (பெண் பார்க்க வந்த இடத்தில் மச்சான் காலைப் பிடித்த மாப்பிள்ளை, எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.)

வாசல் வரை போன அவர் அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார். கொஞ்ச நேரம் மல்லிகாவின் கையையே பார்த்தார்.

"ஏங் கண்ணு, இந்தப் புடிய எங்க பழகுனே? உங்கத்தைக்கும் இப்பிடித்தான் காலு இழுக்குது."

உங்கத்தை என்று சொல்லிவிட்டார். நான் ஜமுக்காளத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். வலியில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

வலி இன்றும் இருக்கிறது, ஆனால் அடங்கி இருக்கிறது. நடக்கிறேன், பட்டறையில் நிற்கிறேன். சாதிக் டாக்டரின் கட்டைவிரலுக்கும் தங்கையின் கைக்கும் நேரில் நன்றி சொன்னதில்லை. என் வாய்க்கு அது வராது. அதனால் எழுதுகிறேன்.

அன்னூரில் விசேஷத்துக்குப் போனால் மாமா என்னைக் கண்டதும் இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் மடித்து வைத்துக்கொள்வார். அப்புறம் சபையே கேட்கிற மாதிரி சொல்வார்:

"உள்ளார வாங்க மாப்ளே. பொண்ணத்தான் கட்டிக் குடுத்துட்டீங்களே, இன்னைக்கு எதுக்கு உழுகப் போறீங்க?"