எட்டாவது ஓட்டை

கம்ப்யூட்டரைவிட எனக்குப் புத்தி அதிகம் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நம்பினேன். அந்த ஒரு தடவையில் ஒரு விசைப்படகு கரையிலேயே நின்றுபோனது.

டிப்ளமோ முடித்த கையோடு, தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பொன்னுத்துரை அண்ணாச்சியின் லேத் பட்டறையில் சேர்ந்திருந்தேன். கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுப்பது வேலை. (வீட்டில் என்னை நானே ‘டிசைன் இன்ஜினியர்’ என்று சொல்லிக்கொண்டேன். பட்டறையில் எனக்குப் பெயர் ‘கம்ப்யூட்டர் பிள்ள’.)

மீன்பிடித் தடைக்காலம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, படகுக்காரர் அந்தோணி அண்ணாச்சி துருப்பிடித்த இரும்பு வட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்ஜினையும் ப்ரொப்பெல்லர் தண்டையும் இணைக்கிற கப்ளிங். ஓரத்தைச் சுற்றி எட்டு போல்ட் ஓட்டைகள். அதே மாதிரி புதிதாக வேண்டும்.

“ரெண்டு மாசமா கரையில கெடக்கேன்ளா. தடை முடிஞ்சு மொத நாள் நான் கடலுக்குப் போகாம இருந்ததே கெடையாது. பாத்துப் போட்டுக் குடு” என்றார்.

இதற்கென்றே மென்பொருளில் சர்க்குலர் பேட்டர்ன் என்று ஒரு சொகுசு உண்டு. ஒரே ஒரு ஓட்டை வரைந்து, மையத்தைக் காட்டி, எட்டு என்று சொன்னால் போதும். மீதியை அதுவே சுற்றிப் போட்டுவிடும். ஓட்டைக்கு ஓட்டை நாற்பத்தைந்து டிகிரி என்று அது காட்டியதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஏனென்றால் என் அப்பா பந்தல்காரர். பள்ளிக்கூட லீவு முழுக்க அவரோடு கயிறு பிடித்துக் கால் நட்டவள் நான். எட்டுக் கால் நட்டால் நடுவில் ஏழு இடைவெளிதான். வாய்ப்பாடு படிக்கும் முன்பே எனக்கு இது தெரியும். இந்த மக்கு மென்பொருள் 360ஐ எட்டால் வகுக்கிறதே! ‘சம இடைவெளி’ என்ற டிக்கை எடுத்துவிட்டு, ஏழால் வகுத்து நானே கோணத்தைப் போட்டேன்.

பந்தல் நேராகப் போய் ஓரிடத்தில் முடியும், வட்டம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. எட்டாவது ஓட்டை சமர்த்தாகப் போய் முதல் ஓட்டையின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. திரையில் தெரிந்தது ஏழு. எண்ணிப் பார்த்தேனா? ஆகா, என்ன அழகு என்று செல்போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தேன்.

கடல் திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம். படகில் டீசல் நிரப்பி, ஐஸ் ஏற்றியாகிவிட்டது. சர்ச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தமும் தெளித்துவிட்டுப் போயிருந்தார். கப்ளிங்கை வைத்து மாட்டினார்கள். ஒரு போல்ட் ஜம்மென்று இறங்கியது. அதற்கப்புறம் ஒன்றுகூட இறங்கவில்லை.

அந்தோணி அண்ணாச்சி விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். “என்னளா, ஏழுதான் இருக்கு?”

பொன்னுத்துரை அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். ஓட்டை போட்டது அவர் கைதான். “படத்துல எட்டுன்னுதான் எழுதியிருந்துச்சு. எட்டாவது தடவ ட்ரில் எதையும் கடிக்கல. போட்ட ஓட்டையிலயே சும்மா போய்ட்டு வந்துச்சு. கம்ப்யூட்டர் பிள்ள போட்ட கணக்கு, ஏதாவது காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்.”

அடப்பாவி அண்ணாச்சி, என்னைப் போய் யார் நம்பச் சொன்னது!

புது வட்டு கடைய மறுநாள் மத்தியானம் ஆகும் என்றார்கள். விடியும்போது துணைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். படகுகள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு புறப்பட்டன. அந்தோணி அண்ணாச்சி தன் படகில் நின்று எல்லோருக்கும் கைகாட்டிக்கொண்டிருந்தார். ஐஸ் உருகிப் படகின் ஓரமாக ஒழுகியது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

“ஏ, அழாதளா. கடல் எங்கன போயிரப் போவுது? நாளைக்கும் அங்கனதான் கெடக்கும்” என்று சொல்லிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்று புது வட்டின் ஓட்டைகளைச் சாக்பீஸால் நம்பர் போட்டு எண்ணினேன். பதினோரு தடவை. மறுநாள் அவர் கடலுக்குப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்தார். பந்தி வாசலில் அப்பா கேட்டார்: “எத்தன எலை போடணும் அண்ணாச்சி?”

“எட்டு.”

“ஏழு பேருதான வந்திருக்கிய?”

“எட்டாவது ஆளு எம் மேலயே உக்காந்திருக்காம்லா! ஒம் மவள்ட்ட கேளும், அது அவ கணக்கு.”

பந்தலே சிரித்தது. அவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் அப்போதுதான் இறங்கியது. மணக்கோலத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டே நானும் சிரித்தேன்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. கதை முழுவதையும் நானே சொல்லித் தொலைத்தேன். இப்போது வீட்டில் எப்போது வடை சுட்டாலும் மாமியார் என் தட்டில் ஏழு வடை வைத்துவிட்டு, “எட்டு வச்சிருக்கேன், சரியா பாத்துக்கோ” என்கிறார்.