எனக்கு எங்கேஜ்மென்ட் ஆகவில்லை, அப்பா

அளவெடுத்துப் பேசும் தையல்கடை அப்பாவுக்கு,

உங்கள் கத்தரிக்கோலுக்கு மட்டும் அஞ்சும் கடைக்குட்டி எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு எல்லோரும் கோபம் என்று அக்கா சொன்னாள். போனில் விளக்கலாம் என்றால், "ஹலோ"வுக்குப் பிறகு நீங்கள் எனக்கு மூச்சுவிட இடம் தருவதில்லை. அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்று. எனக்குக் கல்யாணம் எதுவும் நிச்சயமாகவில்லை. "உங்கள் மகனின் எங்கேஜ்மென்ட் கவலை தருகிறது, வெள்ளிக்கிழமை நேரில் வந்து பேசவும்" என்று பல்கலைக்கழகத்திலிருந்து உங்களுக்குச் செய்தி வந்ததல்லவா, அது மோதிரம் மாற்றுகிற எங்கேஜ்மென்ட் இல்லை, படிப்பில் ஈடுபாடு. இது தெரியாமல் நீங்கள் "யாருடா அந்தப் பொண்ணு?" என்று கத்த, அம்மா "இவனைப் பத்தி அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா, பாவம்" என்று அந்தப் பொண்ணு பக்கம் சேர்ந்து அழ, அக்கா "வரிசையில நான் நிக்கிறேன், இவன் எப்படி முன்னாடி பூந்தான்?" என்று சண்டைக்கு வர, நீங்கள் திட்டிக்கொண்டே எனக்கு ஒரு மாப்பிள்ளைக் கோட்டு வெட்டித் தைத்துவிட்டீர்களாம். கோபத்துலயும் கை சும்மா இருக்காதாப்பா?

நடந்தது இதுதான். எங்கள் மன உறுதியையும் ஈடுபாட்டையும் அளக்க ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' முதல் 'எப்போதும்' வரை ஐந்து கட்டம். "வகுப்பில் மனம் ஒன்றுகிறதா?" என்பது முதல் கேள்வி. எனக்கு மனம் ஒன்றியது அந்தக் கட்டங்களில்தான். டிக் போட்டுக்கொண்டே போனால் காற்றில் விடுகிற பட்டம் மாதிரி ஒரு உருவம் வந்தது, விடுவேனா? மேலே பட்டம், கீழே வளைந்து வளைந்து வால். பட்டம் வாங்க வந்தவன் பட்டம் விட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் அதைக் கூட்டிப் பார்த்து, இந்தப் பையன் ஒரு கேள்விக்குச் சிரிக்கிறான், அடுத்ததுக்கு அழுகிறான் என்று போட்டுக்கொடுத்துவிட்டது. ஆலோசகர் மேடம் கூப்பிட்டு, "தம்பி, உங்க மனசு ஒரு நிலையில இல்லையே"ன்னாங்க. "அது மனசு இல்ல மேடம், காத்து"ன்னேன். தாளைத் தள்ளிப் பிடிச்சுப் பாத்துச் சிரிச்சிட்டாங்க. "வால் ரொம்ப நீளம்"னாங்க. "வீட்லயும் அதான் சொல்லுவாங்க"ன்னேன். ஆனா அதுக்குள்ள உங்களுக்குச் செய்தி போயிடுச்சு.

ஆகையால் வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிக்கொண்டு வராதீர்கள். நான் கல் மாதிரி இருக்கிறேன். கோட்டைப் பிரித்து அக்காவுக்குப் பை தைத்துக் கொடுங்கள்.

அம்மாவின் கண்ணீருக்கு ஒரு கைக்குட்டையும், அக்காவின் வரிசைக்கு வழியும், உங்கள் மெஷினுக்கு அறாத நூலும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வால்

பின்குறிப்பு: வால் நுனியில் ஒரு டிக் மட்டும் படத்தோடு ஒட்டாமல் தள்ளி நிற்கும். மேடம் அதில் விரல் வைத்து, "இது?"ன்னு கேட்டாங்க. நாற்பதாவது கேள்வி அது. "வீட்டு நினைப்பு வருகிறதா?" 'எப்போதும்'ல போட்டிருந்தேன். அதை மட்டும் படிச்சுப் பாத்துத்தான் போட்டேன். வெள்ளிக்கிழமை வாங்கப்பா. கோட்டைப் பிரிச்சிடாதீங்க. கொஞ்சம் இளைச்சிட்டேன், அளவு பாக்கணும்.