கீதாஞ்சலியின் பலாப்பழ வைரஸ்

ஜமுனாமரத்தூர்

அன்புத் தங்கை சகுந்தலாவுக்கு அண்ணன் பாண்டுரங்கன் எழுதுவது. இங்கே மனிதர், மாடு, மழை மூன்றும் சௌக்கியம். கலசப்பாக்கத்தில் நீயும் மாப்பிள்ளையும் அவ்வாறே இருக்க வேண்டும்.

என் மகள், உன் மருமகள் கீதாஞ்சலி கல்லூரிக்கு வைரஸ் கொண்டுபோய் எல்லாருக்கும் தின்னக் கொடுத்துவிட்டாள் என்று உங்கள் பக்கம் பேச்சாமே. நம்பாதே. வேலூரில் அவளுக்கு ரெட்ரோவைரஸ் பற்றிச் செமினார். நன்றாகப் பேசினால் மேற்படிப்புக்குச் சென்னைக்கு அனுப்புவதாகத் துறைத்தலைவர் சொல்லியிருந்தார். அதற்காக அவள் தெர்மாகோல் பந்தில் சுற்றிலும் குண்டூசி குத்தி, உள்ளே ஒரு கூடு வைத்து, கூட்டுக்குள் இரண்டு சிவப்பு நூல் வைத்து ஒரு வைரஸ் செய்திருந்தாள். பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார, பந்தும் ஹாஸ்டலுக்கான பலாப்பழமும் என் பொறுப்பு. பந்தைப் பக்கத்துச் சீட்டில் வைத்துவிட்டு நான் குனிந்து பழத்தைச் சீட்டுக்கடியில் தள்ளுவதற்குள் ஒரு அம்மாள் வந்து பந்தின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாய்யா இது, படக்குனு ஒடைஞ்சிச்சு?"

"வைரஸும்மா" என்றேன். உண்மையைத்தானே சொல்ல முடியும்!

"ஐயையோ, வைரஸாம்! கண்டக்டரே, வண்டிய நிறுத்துங்க!"

கணியம்பாடியில் பாதி பஸ் இறங்கிவிட்டது. பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். நொறுங்கிய பந்தைப் பார்த்துக் கீதாஞ்சலியின் கண் கலங்கியது. பிறகு அவள் பார்வை சீட்டுக்கடியில் போனது.

"அந்தப் பழத்த எடுத்துகினு வாப்பா."

செமினாரில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் பழத்தை அறுத்தாள். "இந்த முள்ளுத்தோல்தான் வைரஸோட மேலுறை. முள்ளாலதான் செல்லப் புடிச்சுக்கும். உள்ள கொட்ட மாதிரி ஒரு கூடு, அதுல ரெண்டு ஆர்.என்.ஏ. இழை" என்று அந்தச் சிவப்பு நூலையே எடுத்துக் காட்டினாள். "செல்லுக்குள்ள போனதும் வைரஸோட நொதி ஆர்.என்.ஏ.வப் பாத்து டி.என்.ஏ. எழுதும். அது நம்ம டி.என்.ஏ.வுக்குள்ளயே போய்ச் சொருகிக்கும். அப்புறம் நம்ம செல்லே அதுக்கு வேண்டியத ஆக்கிப் போடும். புது வைரஸ் கெளம்பறப்ப செல்லோட உறையையே போர்த்திகினு போவும்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உக்காந்து துன்னதும் இல்லாம, வூட்டுக்காரன் வேட்டியயும் உருவிகினு போவுதா!" என்று கத்திவிட்டேன். அரங்கமே சிரித்தது. கீதாஞ்சலி என்னை முறைத்தாள், பிறகு அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. துறைத்தலைவர் மேடைக்கே வந்து சுளைகளைக் கேட்டு வாங்கித் தின்றார். "நீ சென்னைக்குக் கெளம்பும்மா" என்றார். சகுந்தலா, எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகவே யாரும் வைரஸைத் தின்னவில்லை. தின்றது நம் மலைப் பலாச்சுளை, தேவாமிர்தம். யார் கேட்டாலும் தைரியமாகச் சொல். மாப்பிள்ளைக்கு வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளர நம் குலசாமி துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
பாண்டுரங்கன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் கீதாஞ்சலி போன் செய்தாள். சுளை தின்ற அத்தனை பேருக்கும் வயிறு கலக்கிவிட்டதாம். துறைத்தலைவர் இன்னும் கழிவறையை விட்டு வெளியே வரவில்லையாம். யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே.