முற்றுகை நகரத்து ரொட்டிக்கடை

மதில் பற்றி எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழேயே பூக்காரி, "வாங்கம்மா வாங்க, இப்பப் பறிச்சது!" என்று ராகம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது போரா, பொருட்காட்சியா?" என்றார் முதலாளி, கணினித் திரையைத் தட்டி.

மேயரின் முகம் சுருங்கியது. அந்தக் கணினி விளையாட்டு நிறுவனத்தில் மாயாஜால நகரத்தைக் கட்டுவது அவன் வேலை. அதனால் அலுவலகம் முழுவதற்கும் அவன் மேயர். நகரத்தை முற்றுகையிடும் எதிரிப் படையை உருவாக்குபவள் அவன் மனைவி. அவள் தளபதி. "உங்க ஊர்ல ஒருத்தர் முகத்துலயாவது கவலை இருக்கா?" என்று காலையில் அவள் கேட்கப் போய், வீட்டில் பேச்சுவார்த்தை முறிந்திருந்தது. இப்போது முதலாளியும் அதையே கேட்கிறார்.

"சாயங்காலம் வந்து பார்ப்பேன். போர் நடக்கிற ஊரா தெரியலைன்னா ஊரையே எடுத்துடலாம். வெறும் போர்க்களம் போதும்."

இரண்டு வருட உழைப்பு. எந்த வீட்டு ஜன்னலில் எந்தத் துணி காயும் என்பதுவரை யோசித்துச் செய்த ஊர்.

முதலில் மக்களுக்குப் பயத்தைக் கொடுத்தான். அரை மணியில் பூதக்கண்ணாடி குரல் கொடுத்தாள். விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. பெயர் சும்மா வரவில்லை.

"சார், எனக்கு வாள் வேணும். கொல்லர் எங்க?"

"பட்டறையில இருப்பாரே."

"கட்டிலுக்கு அடியில இருக்காரு. கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ள போறாரு."

தெருவில் ஈ காக்கை இல்லை. பயந்து ஒடுங்கியவர்களை எது வெளியே கொண்டுவரும்? வேறென்ன, வயிறுதான். மக்களுக்குப் பசியைக் கொடுத்தான். ஊரிலேயே ஒரே ஒரு ரொட்டிக்கடையைத் திறந்து வைத்தான்.

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சுவரை ஒட்டி ஒட்டி நடந்து வந்தார்கள். வானத்தில் சத்தம் கேட்டால் குனிந்தார்கள், ஆனால் வரிசையில் பிடித்த இடத்தை விடவில்லை. ஒருத்தி குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். போர்க்காலத்தில் வாழ்க்கையின் பெரும்பகுதி இப்படிக் காத்து நிற்பதிலேயே போய்விடும் போலிருக்கிறதே என்று மேயருக்கு நெஞ்சு கனத்தது. குழந்தையோடு வருபவர்களுக்கு இடம் விடும் குணத்தையும் மக்களுக்குச் சேர்த்து வைத்தான்.

"சார், வரிசை தெருவை அடைச்சிடுச்சு. நான் எப்படிப் போறது?"

கோட்டைக் கதவைத் திறந்து வரிசைக்கு இடம் பண்ணினான். வரிசை இரண்டு மடங்கானது.

"மூட்டை முடிச்செல்லாம் காலைத் தட்டுது சார்."

கையில் இருப்பதை வாசலிலேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்று விதி எழுதினான். வரிசை இன்னும் நீண்டது. கடையில் அடுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டினான். அதற்கும் நீண்டது.

"இத்தனை பேரை நான் எப்ப படைச்சேன்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டான்.

அடுத்த மேசையிலிருந்து தளபதி, பூதக்கண்ணாடியிடம், "உங்க மேயரைக் கேளு, ஊர்ல என்னத்தைக் கிளறி வச்சாருன்னு. மதில்ல ஏற என் படையில ஒருத்தனும் வரமாட்டேங்கிறான்" என்றாள்.

"காலையில என்கிட்ட காட்டின வேகத்தை அங்க காட்டச் சொல்லு" என்றான் மேயர்.

"ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுங்க. நான் போய் அந்தப் படையைத் தேடறேன்" என்று பூதக்கண்ணாடி தன் திரைக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் முதலாளி வந்தார். மேயர் நகம் கடித்தான். திரையில், நெட்டையான ஒருவன் கடை வாசலை எட்டியிருந்தான். அடுத்த ரொட்டி அவனுக்கு. பின்னால் திரும்பினான். குழந்தைக்காரியைப் பார்த்தான். அவளை முன்னே விட்டுவிட்டு வரிசையின் கடைசிக்கு நடந்தான்.

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஊர் இருக்கட்டும்ப்பா" என்றார்.

"நல்லாருக்குங்க" என்றாள் தளபதி. காலைக்குப் பிறகு அவனிடம் நேராகச் சொன்ன முதல் சொல்.

"ஆமா, அந்த நெட்டையன் யாரு? பெரிய மனசுக்காரன்!" என்றார் முதலாளி.

மேயர் உற்றுப் பார்த்தான். "தெரியலையே சார். இவனை நான் செய்யவே இல்லையே."

தளபதி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"படை கிடைச்சிடுச்சு சார்!" என்று எழுந்தாள் பூதக்கண்ணாடி. "நேரமில்லைன்னு மேடம் நம்ம ஊர்க்காரங்களையே நகலெடுத்துப் படை செஞ்சிருக்காங்க. நம்ம ஆளுங்களுக்குப் பசிச்சதும் அவங்களுக்கும் பசிச்சு, வாளையெல்லாம் வாசல்ல வச்சுட்டு வரிசைக்கு வந்துட்டாங்க. குழந்தைக்கு இடம் விட்டாரே அந்த நெட்டை மனுஷன், அவர்தான் சார் எதிரி ராஜா."