மதியம் இரண்டு மணிக்குத் தோற்கும் குதிரைக் காக்கா

தோற்பதை இவ்வளவு ஒழுங்காக, நேரம் தவறாமல், பெருநாளன்றுகூட விடுப்பு எடுக்காமல் செய்த இன்னொரு மனிதர் மஸ்கட்டிலிருந்து குவைத் வரை இருந்திருக்கவே முடியாது. துபாய் கராமாவில் ஆறு பேர் தங்கியிருந்த எங்கள் ரூமில், ஆறு ஆண்டுகள், தினமும் மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து கம்ப்யூட்டரோடு செஸ் ஆடுவார். மூன்றரைக்குள் தோற்றுவிடுவார். பிறகு முகம் கழுவி, சட்டை மாட்டி, ஒன்றுமே நடக்காததுபோல நாலு மணிக்குக் கடை திறக்கப் போய்விடுவார்.

அவர் துணிக்கடை சேல்ஸ்மேன். அந்த ஊர்க் கடைகள் மதியம் ஒரு மணிக்குச் சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும். நடுவில் இருக்கும் மூன்று மணி நேரத்தில் ஊரே குறட்டை விடும். காக்கா மட்டும் போர் புரிவார். காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். ரூமில் மூத்தவர் என்பதால் எங்கள் எல்லாருக்கும் அவர் காக்கா ஆனார். முன்னால் குதிரை சேர்ந்ததற்கும் காரணம் உண்டு. ராணியைக் கொடுப்பார், யானையைக் கொடுப்பார், குதிரையை மட்டும் உயிர் போனாலும் கொடுக்கமாட்டார்.

"ஜீவன் உள்ளது அது ஒண்ணுதான் ஓய். மத்ததெல்லாம் வெறும் பதவி."

"யானைக்கு ஜீவன் இல்லையா காக்கா?"

"யானைன்னு நாமதான் சொல்றோம். எடுத்துப் பாரும். மொட்டை மாடி வாட்டர் டேங்க் மாதிரி இரிக்கி."

இருபது வருடம் கழித்து அவரை ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் என் மகள் வெளியூரில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டாள். எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் சொன்னாள். "நீங்க பதறுவீங்கப்பா, அதான்" என்றாள். கட்டுப் பிரித்தாகிவிட்டது, என் நடுக்கம்தான் இன்னும் பிரியவில்லை. அந்த மூன்று நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசிக்கும்போதெல்லாம், எப்படியோ காக்கா வந்து எதிரில் உட்கார்ந்துவிடுகிறார்.

கம்ப்யூட்டர் ஏதோ ஓர் ஆபீசில் கழித்துக் கட்டியது. காக்கா அதை டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். திரையிலேயே ஆடலாம் என்றாலும் அவர் ஆடமாட்டார். மேசைமேல் பலகை விரித்துக் காய் அடுக்குவார். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. தன் காயை நகர்த்தி, அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லி, அது பதில் சொன்னதும் எழுந்து சுற்றிப் போய் அந்தப் பக்க நாற்காலியில் உட்கார்ந்து அதன் காயை நகர்த்துவார். மறுபடி எழுந்து சுற்றி வருவார். ஓர் ஆட்டத்துக்கு எப்படியும் நாற்பது பிரதட்சிணம்.

"இருந்த இடத்துலேருந்தே நகத்தக் கூடாதா காக்கா?" என்று செல்வம் கேட்டான். புதுக்கோட்டைக்காரன், கட்டட சைட்டில் போர்மேன்.

"அவனுக்குக் கை இல்ல ஓய். கை இல்லாதவனுக்கு நாம கை குடுக்கிறது. அதுக்காவ எட்டிப் பிடிச்சு அவன் காயத் தொடுறது அதபு இல்ல."

அதபு என்றால் மரியாதை. அதில் அவர் குறை வைத்ததே இல்லை. பாலில்லாத சுலைமானி டீ போட்டால் இரண்டு டம்ளர் வைப்பார். பத்து நிமிடம் பொறுத்து, "அவனுக்கு வேணாமாம்" என்று இரண்டாவதையும் தானே குடிப்பார். இருபதாவது நகர்த்தலில் தவறாமல் டிரா கேட்பார். மெஷின் தவறாமல் மறுக்கும். "வளர்ப்பு அப்படி" என்று பெருமூச்சு விட்டு ஆட்டத்தைத் தொடர்வார். ஒருமுறை அவர் ராஜாவுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போனது. நாங்கள் கை தட்டினோம். காக்கா கரண்ட் வரும்வரை காத்திருந்து, பலகையைப் பார்த்து அத்தனை காயையும் திரையில் அதே இடத்தில் அடுக்கி, ஆறு நிமிடத்தில் தோற்றுவிட்டுத்தான் எழுந்தார்.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும், அவர் அந்தச் சபதம் எடுக்காமல் இருந்திருந்தால்.

வளைகுடாவில் ஒவ்வொருவனுக்கும் ஊர் திரும்ப ஒரு கெடு இருக்கும். செல்வத்துக்கு வீட்டுக்கு கான்கிரீட் போட வேண்டும். எனக்குத் தங்கை கல்யாணம். காக்காவின் கெடு விநோதமானது. "இவன ஒரே ஒரு தடவ தோக்கடிச்சாப் போதும். மறுநாளே விசாவ கேன்சல் பண்ணிட்டு ஊருக்குப் போயிருவேன்" என்று தன் மகளுக்கே வாக்குக் கொடுத்திருந்தார். மகளுக்கு ஒரு வயதாகும்போது கிளம்பி வந்தவர். அவளுக்கு அப்போது பத்தொன்பது.

காக்கா மொபைல் வைத்துக்கொள்ளமாட்டார், யோசிக்கும்போது அடிக்குமாம். ஆகவே அவர் குடும்பத்துக்கு என் எண்தான். வெள்ளிக்கிழமை தோறும் ஊரிலிருந்து ஒரு மிஸ்டு கால் வரும். நான் கார்டு போட்டுத் திருப்பி அடிப்பேன். போனை எடுத்ததும் அந்தப் பெண் கேட்பது ஒரே கேள்வி.

"மாமா, வாப்பா இந்த வாரம் ஜெயிச்சாங்களா?"

"இல்லம்மா."

"கொஞ்சம் பாத்து ஆடச் சொல்லுங்களேன்."

பிறகு போனைக் காக்காவிடம் கொடுப்பேன். அவர் "மழை உண்டா?" என்று கேட்பார். அவள் இல்லை என்பாள். "சரி" என்று திருப்பித் தருவார். மூன்று வருடமாக அதுதான் பேச்சு. அந்த ஊரில் ஒரு மழைகூடப் பெய்யவில்லையா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளை நான் பார்த்தது மொத்தம் நாற்பத்தைந்து நாள். அந்தக் "கொஞ்சம் பாத்து ஆடச் சொல்லுங்களேன்" என்னைத் தூங்கவிடவில்லை. செல்வமும் நானும் ஒரு சதி செய்தோம். அந்த விளையாட்டில் பத்துப் படிகள் உண்டு. காக்கா ஆடுவது ஒன்பதாம் படி. ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாவுக்குப் போயிருந்தபோது செல்வம் அதை ஒன்றாம் படிக்கு இறக்கிவைத்தான்.

காக்கா வந்து உட்கார்ந்தார். ஐந்தாவது நகர்த்தலில் மெஷின் தன் ராணியைக் கொண்டுவந்து அவர் சிப்பாய் முன்னால் வைத்தது. காக்கா ராணியை வெட்டவில்லை. எழுந்து போய்க் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"சூடா இரிக்கி."

"அது எப்பவும் சூடாத்தான் காக்கா இருக்கும். வெட்டுங்க" என்றான் செல்வம்.

"அறிவு கெட்டுப் பேசாதீம். முடியாம இரிக்கிறவன்கிட்ட ஆடி ஜெயிக்கவா நான் இவ்வளவு வருசம் தோத்தேன்?"

ஆட்டத்தை நிறுத்தினார். ரூமில் இருந்த ஒரே டேபிள் பேனைப் பெட்டிப் பக்கம் திருப்பிவைத்தார். ஜூலை மாதம். ஏசி கிழடு. இரண்டு நாள் மெஷின் காற்று வாங்கியது, நாங்கள் வெந்தோம். மூன்றாம் நாள் செல்வம் தாங்க முடியாமல் தானே படியை ஏற்றிவைத்துவிட்டு, "குணமாயிருச்சு காக்கா" என்றான். அன்று மதியம் தோற்றுவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், பழையபடி ஆயிட்டான்" என்றார் காக்கா.

கம்ப்யூட்டர்தான் இரும்பு, மனிதனையாவது ஜெயிக்கட்டும் என்று அடுத்ததாக ஷார்ஜாவில் நடந்த ஓர் ஓபன் போட்டியில் செல்வம் அவர் பெயரைக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை ஒரே நாளில் ஆறு சுற்று. யாரும் கலந்துகொள்ளலாம். நானும் கூடப் போனேன்.

முதல் சுற்றில் எதிரே ஒரு பிலிப்பைன்ஸ் ஹோட்டல்காரர். அவர் காயை நகர்த்தக் கை தூக்கினார். பழக்க தோஷத்தில் காக்கா எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போனார். அடிக்கத்தான் வருகிறார் என்று அந்த மனிதர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். நடுவராக இருந்த அரபி ஓடிவந்து, "சதீக், கலாஸ், போதும் நண்பா, உட்கார்" என்று தோளைப் பிடித்து அழுத்தினார். கடிகாரத்தை அமுக்க வேண்டும் என்பதும் காக்காவுக்குத் தெரியாது; மெஷின் அதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும். பாதி நேரம் அவருடைய கடிகாரமே ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் ஜெயித்தார். அடுத்த சுற்றிலும் ஜெயித்தார். மூன்றாவது, நான்காவது எல்லாம் ஜெயம். ஒன்பதாம் படியிடம் ஆறு வருடம் தோற்றவரிடம் மனிதர்கள் மாவாக அரைபட்டார்கள்.

ஐந்தாவது சுற்றில் ஒரு சிரியாக்காரர், வயதான இன்ஜினியர். காக்கா குதிரையால் செக் வைத்ததும் அந்த மனிதரின் முகம் மெல்லச் சரிந்தது. ராஜாவைச் சாய்த்தார். காக்கா அந்த முகத்தையே பார்த்தார். ஆறாவது சுற்றில் நாலாவது நகர்த்தலில் டிரா கேட்டு வாங்கிக்கொண்டு, பரிசளிப்புக்குக்கூட நிற்காமல் பஸ் ஸ்டாப்புக்கு ஓடி வந்துவிட்டார்.

"தோத்தா மூஞ்சி அப்படியா ஓய் ஆவும்?" என்று பஸ்ஸில் கேட்டார். "ஆறு வருசமா என் மூஞ்சிய வச்சுக்கிட்டு நீங்கள்லாம் எப்படிச் சோறு தின்னீங்க?"

நான் சிரித்தேன். ஆனால் கராமா வருவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. இப்படி ஆடுகிறவர் அந்த ஓட்டைப் பெட்டியிடம் தினமும் எப்படித் தோற்கிறார்?

பதில் இரண்டு வாரம் கழித்துக் கிடைத்தது. காய்ச்சல் என்று ஆபீசுக்கு லீவு சொல்லி மேல் கட்டிலில் திரைச்சீலைக்குப் பின்னால் படுத்திருந்தேன். காக்கா வந்தது, பலகை விரித்தது, சுலைமானி போட்டது எல்லாம் அரைத் தூக்கத்தில் கேட்டது. பிறகு நாற்காலிச் சத்தம் நின்றுபோனது. எட்டிப் பார்த்தேன். எனக்கு செஸ் அதிகம் தெரியாது; தெரிந்த மட்டிலும் போதுமானதாக இருந்தது. மெஷினின் ராஜா மூலையில் முடங்கிக் கிடந்தது. குதிரையை ஒருமுறை தாவவிட்டால் கதை முடிந்தது.

காக்கா குதிரையைத் தொடவில்லை. எழுந்து போய் அந்தப் பக்க நாற்காலியில் உட்கார்ந்து, அங்கிருந்து பலகையை வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து, தோல்வியை ஒப்புக்கொள்ளும் பட்டனை அமுக்கினார்.

நான் இருமிவிட்டேன். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"முழிச்சிக்கிட்டா இருந்தீரு?"

"இது எத்தனையாவது தடவை காக்கா?"

"எண்ணல."

கீழே இறங்கி உட்கார்ந்தேன். மெஷினுக்கு வைத்த சுலைமானியை என் பக்கம் நகர்த்தினார்.

"போன லீவுல ஊருக்குப் போனேன்ல. மவ டீ கொண்டாந்தா. சாசர்ல வச்சு, பூப்போட்ட கோப்பை. விருந்தாளி வந்தா அலமாரியிலேருந்து எடுப்பாங்க பாரும், அது. குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நிக்கிறா, கோப்பைய வாங்கிட்டுப் போவ. அதுக்கு முன்ன அடுப்படியில உம்மாகிட்ட மெதுவாக் கேக்குறா, எனக்குச் சீனி எவ்வளவுன்னு." அவர் பலகையில் காய்களை மறுபடி அடுக்கத் தொடங்கினார். "பெத்த மவளுக்கு என் சீனி தெரியல ஓய். நான் இனிமே போயி யார் வீட்டுல இருக்கிறது? இதச் சொல்லிராதீம்."

தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை மிஸ்டு கால் வந்தது. காக்கா ஜும்மாவிலிருந்து இன்னும் வரவில்லை. திருப்பி அடித்தேன்.

"மாமா, வாப்பா ஜெயிச்சாங்களா?"

எனக்கு என் மூன்று வயதுப் பெண்ணின் முகம் நினைவுக்கு வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. போட்டோவில் இருந்த உடுப்புதான் வந்தது. பயந்துபோய்ச் சொன்னேன்:

"ஜெயிச்சிட்டார்மா."

"உம்மா" என்று அவள் வீட்டுக்குள் ஓடுவது கேட்டது.

காக்கா என்னிடம் சண்டை போடவில்லை, போட்டிருக்கலாம். ஜும்மாவிலிருந்து வந்து, மகள் போனில் அழுதுகொண்டே பேசியதை "சரி, சரி" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "தொட்ட காய நகத்தணும். அதான் சட்டம்" என்றார். கடை முதலாளியிடம் போய் விசாவைக் கேன்சல் செய்யச் சொன்னார். மூன்று வாரத்தில் கிளம்பினார். அந்த மூன்று வாரமும் என்னோடு பேசவில்லை. ஏர்போர்ட்டில் செல்வத்துக்குக் கை கொடுத்தார். எனக்கு ஸலாம் மட்டும்.

இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. தினமும் மதியம் இரண்டு மணிக்கு ஆபீசில் என் கண் கடிகாரத்துக்குப் போகும். யார் வீட்டுக்கோ ஒரு மனிதரைப் பார்சல் அனுப்பிவிட்டேன் என்று தோன்றும்.

ஒரு வெள்ளிக்கிழமை மிஸ்டு கால். உடனே திருப்பி அடித்தேன். காக்காவே எடுத்தார்.

"ஓய், நேத்து என் மவ என்ன ஏசிப்புட்டா."

"ஏன் காக்கா? என்ன ஆச்சு?"

"ஈரத் துண்டக் கட்டில்மேல போட்டேனாம். 'எத்தன தடவ சொல்றது வாப்பா, அறிவில்லியா'ன்னு மூஞ்சிக்கு நேரா. தெருவே கேட்டுது. இன்னிக்குக் காலையில வேணும்னே இன்னொரு துண்டப் போட்டேன். அதுக்கும் ஏசுனா." அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நீளமாக அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

"நான் சொன்னதுக்கு என்னை மன்னிச்சிட்டீங்களா காக்கா?" என்றேன்.

 

"அந்தக் காய்ச்சல் விட்டுருச்சா ஓய்?" என்று கேட்டார்.

காய்ச்சல் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. துபாயில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.