ஒரு சொடக்கு, ஒரு சாமான்

மகளின்ர படத்துக்கு விசுவல் எஃபெக்ற்ஸ் நான்தான் செய்யப்போறன் எண்டு சாப்பாட்டு மேசையில வைச்சு அறிவிச்சன். புட்டை விழுங்கி முடிச்சு, நெஞ்சை நிமித்தி, நல்லாத் தெளிவாத்தான் அறிவிச்சன். ஒருத்தரும் கைதட்டேல்லை. மனிசி செலீன் கத்தரிக்காய்க் குழம்பை என்ர பக்கம் தள்ளிவிட்டா.

"உங்களுக்கு உந்த வேலை தெரியுமோ?"

கேள்வியைப் பாருங்கோ! தொண்ணூறுகளில கனடாவில, இந்த ஸ்காபரோவில கலியாணம் கட்டின ஆரையும் பிடிச்சு 'அகஸ்ரின் வீடியோ' எண்டு கேளுங்கோ. பொம்பிளையைத் தாமரைப்பூவுக்குள்ளால எழுப்பினது நான். மாப்பிள்ளையைக் கோட் சூட்டோட நயாகராவுக்கு மேலால நடத்தினது நான். ஒரு சோடியைக் கொண்டுபோய்ச் சந்திரனில இருத்தினன். அவை பிறகு பிரிஞ்சிட்டினம்; அது சந்திரன்ர பிழையில்லை. இப்ப நான் விட்பியில ஒரு வெயர்ஹவுசில சுப்பவைசர் எண்டாலும், கை மறக்கேல்லை.

மகள் நடாஷா கொலிஜில விசுவல் எஃபெக்ற்ஸ் படிக்கிறாள். அந்தப் படிப்புக்குப் புதுப் பிள்ளையளை இழுக்க ஒரு விளம்பரப் படம் எடுக்கிற பொறுப்பை அவளிட்டக் குடுத்திருந்தவை. கொலிஜைச் சனத்துக்குத் திறந்து காட்டுற ஓப்பின் ஹவுஸ் அண்டைக்குப் பெரிய திரையில ஓடுமாம். அவள் கதைக்கு மண்டையை உடைச்சுக்கொண்டிருந்த நேரம் பாத்து நான் உள்ள பாய்ஞ்சன்.

"கதை என்னட்ட இருக்கு பிள்ளை. ஒரு கராஜ். உள்ள நிறையச் சாமான். நடுவில ஒரு மந்திரவாதி. சொடக்குப் போடுறார், ஒரு சாமான் மறையுது. இன்னொரு சொடக்கு, இன்னொண்டு மறையுது. கடைசியில வெறும் கராஜ். 'வா, உன்ர உலகத்தை நீயே படை' எண்டு எழுத்து வருது. எப்பிடி?"

"அப்பா, தட்ஸ் ஆக்சுவலி குட்" எண்டாள். அந்த 'ஆக்சுவலி' மட்டும் கொஞ்சம் குத்தினது.

"மந்திரவாதி ஆர்?" எண்டு செலீன் கேட்டா.

"ஏன், நான் இருக்கிறன்தானே!"

இதில ஒரு உள்கணக்கு இருந்தது. உங்களுக்கு மட்டும் சொல்லுறன், வெளியில விடாதேங்கோ. ஸ்காபரோவில ரூஜ் பக்கம் இருக்கிற எங்கட வீட்டுக் கராஜுக்குள்ள கார் நிண்டதே இல்லை. அங்க குடியிருக்கிறது என்ர சாமான். வீடியோ லைற்றுகள், ஸ்ராண்டுகள், வயிறு தள்ளின பழைய ரீவியள், பெட்டி பெட்டியாக் கலியாணக் கசற்றுகள், மெலியவெண்டு வாங்கிப் பிறகு உடுப்புக் காயப்போட்ட எக்சசைஸ் சைக்கிள். எல்லாத்துக்கும் மேல, பொம்பிளையையும் தாமரைப்பூவையும் ஒரே படத்துக்குள்ள கலந்து தந்த என்ர வீடியோ மிக்சர். செலீனுக்கு நேர்சிங் ஹோமில விடிய வெள்ளன ஷிஃப்ற். ஒவ்வொரு வின்ரரும் அவ இருட்டுக்குள்ள நிண்டு காரில ஐஸ் சுரண்டுறா. நான் பிந்தித்தான் வேலைக்குப் போறனான். எனக்கு வெய்யில் வந்து சுரண்டித் தந்திடும். இந்த முறை அவ அறுத்து உறுத்துச் சொல்லிப்போட்டா: ஸ்நோ விழமுதல் கராஜ் வெறுமையாகோணும், தன்ர கார் உள்ள நிக்கோணும்.

இப்ப விளங்குதோ என்ர மூளை? சாமான் மறையிற படம் எடுக்கவேணுமெண்டால், முதல்ல சாமான் இருக்கத்தானே வேணும்!

"இஞ்சேரும் செலீன், ஷூட்டிங் முடியுமட்டும் கராஜுக்குள்ள ஒரு ஊசியையும் ஒருத்தரும் அசைக்கக்கூடாது."

"சரி."

"எத்தினை மாசம் எடுக்குமோ தெரியாது. எடிற்றிங் இருக்கு, திருத்தம் இருக்கு, திருத்தத்துக்குத் திருத்தம் இருக்கு..."

"சரியெண்டு சொல்லுறன்தானே. வடிவா எடுங்கோ."

கலியாணம் கட்டின நாள் தொட்டு அவ இவ்வளவு கெதியா ஒண்டுக்கும் சம்மதிச்சதில்லை. அப்பவே எனக்கு ஐமிச்சம் வந்திருக்கோணும். வரேல்லை. சந்தோசப் புழுகம் கண்ணை மறைச்சுப்போட்டுது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சாமான் நிறைஞ்ச கராஜை எடுத்தம். செலீன்ர கறுப்புச் சால்வையைத் தோளில போட்டுக்கொண்டு நடுவில நிண்டு சொடக்குப் போட்டன். நடாஷா கமராவை ஸ்ராண்டில இறுக்கிப் பூட்டிப்போட்டு, நான் நிண்ட இடத்தில ரேப் ஒட்டி அடையாளம் வைச்சாள்.

"நாளைக்குக் கிளீன் பிளேற் எடுக்கோணும் அப்பா."

அது என்ன சாமானெண்டு எனக்குத் தெரியாது. ஆனால் நிபுணர் எண்டு பேரெடுத்தவன் கேள்வி கேக்கலாமோ? "அதுக்கென்ன, எடுப்பம்" எண்டன்.

"அப்ப எல்லாத்தையும் வெளியில எடுக்கோணும், என்ன?"

"எல்லாத்தையுமோ? ஏன்?"

"கமராவை அசைக்காமல் அதே கராஜை வெறுமையா எடுக்கோணும். சாமானை அழிக்கேக்க அதுக்குப் பின்னால இருக்கிற சுவர் எங்களிட்ட இருக்கோணுமே? இந்த எஃபெக்ற்றை நீங்கள்தானே சொன்னனீங்கள். உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியும், தெரியும். நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தனான்."

நுணலும் தன் வாயால கெடும் எண்டு சும்மாவே சொல்லிவைச்சவை.

செலீன் தேத்தண்ணியோட வந்தா. "ட்ரைவ்வேயில வையுங்கோவன். நாளைக்கு நல்ல வெய்யிலாம். நான் பக்கத்தில கதிரை போட்டு இருந்து பாக்கிறன்."

"ஆராவது களவெடுத்தால்?"

"ஒரு சாமானும் களவு போகாது. நான் பொறுப்பு."

பாசக்காரி எண்டு நினைச்சன். என்ர சாமானை அவ இப்பிடி மதிச்சு ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தரம்.

சனிக்கிழமை காலமை பக்கத்து வீட்டு நீக்கிலாப்பிள்ளை அண்ணை கூப்பிடாமலே வந்து நிண்டார். என்ர ஏணியை இரவல் வாங்கிப்போட்டுத் திருப்பித்தர வருசக்கணக்கா எடுத்த மனிசன், கையுறையோட நிக்கிறார்.

"தம்பி அகஸ்ரின், இந்தச் சைக்கிள் ஓடுமோ?"

"ஓடும் அண்ணை. ஆனால் ஓரிடமும் போகாது."

"பறவாயில்லை. டொக்டர் என்னை ஓடத்தான் சொன்னவர், போகச் சொல்லேல்லை."

இந்த மனிசன் ஏன் இதை விசாரிக்குது எண்டு நான் யோசிக்கேல்லை. "பவுத்திரமாத் தூக்குங்கோ அண்ணை" எண்டு மட்டும் சொன்னன்.

"ஓமோம், பவுத்திரமாத்தான் கொண்டுபோவன்" எண்டார்.

எல்லாம் வெளியில போய் முடிய, நடாஷா கராஜ் கதவை இறக்கினாள். "வெளிச்சம் மாறக்கூடாது. நான் கட் சொல்லுமட்டும் திறக்கேலாது, ஓகே?"

"டிரெக்ரர் நான் சொல்லுறன், ஒருத்தரும் கதவைத் திறக்கக்கூடாது!" எண்டு தெருவுக்கே கேக்கக் கத்தினன்.

வெளியிலயிருந்து செலீன்ர குரல் வந்தது: "ஐயோ, நான் திறக்கவே மாட்டன்!"

வெறும் கராஜை எடுத்து முடிய, என்னை ரேப்பில நிப்பாட்டி, சாமான் அங்க இருக்கிற மாதிரி நினைச்சு ஒவ்வொண்டுக்கும் தனித்தனியாச் சொடக்குப் போடச் சொன்னாள் நடாஷா. ரீவிக்கு ஒண்டு போட்டன். வெளியில ஒரு கார் வந்து நிண்டது. ஆரோ கதைச்சினம். கார்க்கதவு அடிபட்டது.

"ஆர் பிள்ளை வெளியில?"

அவள் ஃபோனைப் பாத்தாள். "அம்மா ரெக்ஸ்ற் பண்ணியிருக்கிறா. நிறையச் சனம் வருதாம்."

"ஷூட்டிங் பாக்கவோ!"

அவள் கமராவுக்குப் பின்னால குனிஞ்சாள். தோள் ரெண்டும் குலுங்கினது. பிள்ளைக்குப் பெருமை தாங்கேலாமல் கிடக்கு எண்டு நினைச்சன்.

பிறகு என்னைப் பிடிக்கேலுமோ? ஸ்ராண்டுகளுக்கு ஒரு சொடக்கு. வெளியில ஒரு வான் வெளிக்கிட்டது. லைற்றுகளுக்கு ஒரு சொடக்கு. ஆரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் "தாங்க் யூ, தாங்க் யூ சோ மச்" எண்டு சொல்லுறது கேட்டது. பாவம், வெளியில நிண்டு சத்தத்தைக் கேட்டதுக்கே இவ்வளவு நன்றி! மூடின கதவைப் பாத்துக் கைகூப்பினன். எடுத்தது போதாதெண்டு நானே கேட்டு இன்னும் கொஞ்சம் எடுப்பிச்சன்.

கடைசிச் சொடக்கு மிக்சருக்கு. அங்கதான் கை எழும்பேல்லை. கனடாவுக்கு வந்த புதுசில, பார்க்டேலில ஒரு அறைக்குள்ள இருந்த காலத்தில ரெண்டு வேலை செய்து வாங்கினது. அது கட்டிலில படுத்தது, நான் நிலத்தில படுத்தன். அதைத் தூக்கிக்கொண்டு வீடியோ எடுக்கப் போன ஒரு கலியாணத்திலதான் செலீனையே கண்டனான், அவவின்ர அக்காவின்ர கலியாணம். பொம்பிளையை விட்டிட்டுப் பொம்பிளையின்ர தங்கச்சியையே கமராவால பாத்துக்கொண்டு நிண்டதுக்கு அக்கா இண்டைக்கும் பேசுறா. எனக்கு அழுகை வந்திட்டுது. அழுதுகொண்டே சொடக்குப் போட்டன்.

"கட்! அப்பா, தட் வோஸ் சோ ரியல்."

கதவு மேல போச்சுது. சனத்துக்குக் கையசைக்கத் தயாரா நிண்டன். சனத்தைக் காணேல்லை. சாமானையும் காணேல்லை. வெறும் ட்ரைவ்வேயில ஒரு கதிரை, கதிரையில செலீன், பக்கத்தில ஒரு காட்போட் மட்டை. அதில கொட்டை எழுத்தில 'ஃப்ரீ' எண்டு எழுதியிருந்தது.

"சாமான் எங்க?"

"மறைஞ்சிட்டுது."

"செலீன்!"

"நீங்கள்தானே சொடக்குப் போட்டனீங்கள். வெளியில இருந்து பாத்தனான், நல்லா வேலை செய்யுது."

"களவு போகாதெண்டு சொன்னனீரே!"

"ஒண்டும் களவு போகேல்லை. எல்லாரும் கேட்டுத்தான் எடுத்தவை."

"கலியாணக் கசற்றுகள்?"

"சொந்தக்காரருக்கு நேத்தே ஃபோன் அடிச்சுச் சொன்னனான். உங்கட சந்திரனில இருந்த பொம்பிளையும் வந்தவ. தன்ர பக்கத்தை மட்டும் வெட்டித் தரேலுமோ எண்டு கேட்டவ."

பக்கத்து வீட்டுக்குள்ளயிருந்து சைக்கிள் மிதிக்கிற சத்தம் கேட்டது.

செலீன் எழும்பி, தெருவில நிண்ட தன்ர காரில ஏறி, நேர கராஜுக்குள்ள விட்டா. நடாஷா எனக்கெண்டு ஒட்டின ரேப்புக்கு மேலதான் முன்சில்லு நிண்டது. எட்டிப் பாத்தன். முன்சீற்றில என்ர மிக்சர் இருக்குது! சீற் பெல்ற்றும் போட்டிருக்குது. எனக்கு நெஞ்சு உருகிப்போச்சு.

"இதை மட்டும் குடுக்க உமக்கு மனம் வரேல்லை, என்ன?"

"ஒருத்தரும் எடுக்கேல்லை" எண்டா.

போகட்டும். சாமான் போனாலும் கலை இருக்குத்தானே? ஓப்பின் ஹவுஸ் வந்த அண்டைக்குத்தான் முதல் ஸ்நோ. செலீன்ர கார் கராஜுக்குள்ளயிருந்து காய்ஞ்சு போய் வெளியில வந்தது. மண்டபம் நிறைஞ்ச சனம். திரையில நான் ஒவ்வொரு சொடக்காப் போட, ஒவ்வொரு சாமானா மறைஞ்சுது. கடைசியில நான் அழுத இடத்தில முன்வரிசையில ஒரு மனிசி மூக்கைத் துடைச்சுது. கைதட்டல் எண்டால் அப்பிடி ஒரு கைதட்டல். 'விசுவல் எஃபெக்ற்ஸ்' எண்டு எழுத்து வந்த உடன, தோளில போட்டு வந்த அதே கறுப்புச் சால்வையைச் சரிப்படுத்திக்கொண்டு எழும்பினன்.

'செலீன் அகஸ்ரின்' எண்டு வந்தது.

"பிள்ளை, பிழையா எழுதிப்போட்டாய். அம்மா என்ன எஃபெக்ற் செய்தவ?"

"நான் கம்பியூட்டரில கிழமைக்கணக்கா இருந்து மறைச்சனான் அப்பா. அம்மா கம்பியூட்டரே இல்லாமல் ஒரு காலமையில மறைச்சவ. அதுதான் பெஸ்ற் எண்டு எங்கட ரீச்சரும் சொன்னவர்."

எழும்பினவன் இருக்கவும் தெரியாமல் நிக்க, கடைசியா, கராஜுக்கு நன்றி சொன்னதுக்கும் கீழ, என்ர பேரும் ஊர்ந்து வந்தது: 'சொடக்கு: அகஸ்ரின்.'